டக்கு வைத்த பாவாடை

கோயிலின் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. தையல்காரி துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து உள்ளே நுழைந்தாள். வெளியே வெயில் தார்ச் சாலையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே குளிர்ந்த சிமெண்டுத் தரை. இருட்டுக்குக் கண் பழகுமுன் வாசனைகள் வந்து சேர்ந்தன. எரிந்த திரி, வாடிய பூ, ஈரக் கல்.

ஒரு காலத்தில் மரச்சாமான் கிடங்காக இருந்த கட்டடம் அது. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் சலவைக் கடை. கிடங்குக்காரர் இரும்புப் பெட்டி வைத்திருந்த ஜன்னலில்லாத உள்ளறைதான் இப்போது கருவறை. அதன் கனத்த கதவைக்கூட யாரும் மாற்றவில்லை. அந்த அறைக்குள் வாலையம்மன் நின்றிருந்தாள். தேவிக்கு எத்தனையோ வடிவங்கள் உண்டு. இங்கே அவள் சிறுமி. கருங்கல்லில், பெரியவர்களின் இடுப்பளவு உயரத்தில், ஏதோ கேட்க வாயெடுத்தவள்போல முகத்தைச் சற்றே தூக்கி நிற்கும் பெண் குழந்தை.

அவளுக்குப் பாவாடை சட்டை தைப்பது தையல்காரியின் வேலை. கருவறைக்குள் அவள் போனதில்லை, குருக்கள் மட்டுமே போவார். சிலையை நிறுவிய அன்று எடுத்த அளவுக் கயிறு ஒன்று இருந்தது. இடுப்புக்கு ஒரு முடிச்சு, கணுக்காலுக்கு ஒரு முடிச்சு. அதை வைத்தே வருஷக்கணக்காக வெட்டித் தைத்தாள். கல்லுக்குத் தைப்பதில் ஒரு நிம்மதி. அளவு மாறாது.

ஷட்டரை ஒட்டி உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்த பூக்காரக்கா அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

“வா வா. இந்த வெயில்ல ஒரு குடைகூட இல்லாம வர்றியே. தலை என்னத்துக்கு ஆகும்?”

குடை, வெயில், பஸ். எல்லாரும் இப்போது அவளிடம் இதையெல்லாம்தான் பேசினார்கள். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

குருக்கள் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். “வந்துட்டியாம்மா. நீ வராம அவ பழசையே மாத்தி மாத்திக் கட்டிட்டு நின்னா. வேற ஒருத்தன்கிட்ட கேட்டேன். அம்மனுக்கு பாக்கெட் வைக்கணுமாங்கறான். போடான்னு வந்துட்டேன்.”

அவள் சிரிக்க முயன்றாள். உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

அவர் புதுத் துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் திரையை இழுத்தார். வளையல் உரசும் ஓசை, துணி சரசரக்கும் ஓசை. பிறகு ஓசையே இல்லை. திரை விலகி அவர் தலை மட்டும் வெளியே வந்தது.

“ஏம்மா, இதுல டக்கு வச்சிருக்கியே?”

வளரும் பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கும்போது துணியைக் கொஞ்சம் நீளமாக வெட்டி, கூடுதல் நீளத்தை அடிப்பக்கம் மடித்துத் தையல் ஓட்டிவிடுவார்கள். பிள்ளை வளர்ந்ததும் தையலைப் பிரித்தால் போதும், பாவாடையும் வளர்ந்துவிடும். அந்த மடிப்புத்தான் டக்கு.

“அம்மனுக்கு எதுக்கும்மா டக்கு? அவ என்ன வளரவா போறா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாதியில் சிரிப்பு அறுந்துவிட்டது.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். “தெரியாம வச்சுட்டேன் சாமி. கை பாட்டுக்குத் தைச்சிருக்கு. குடுங்க, பிரிச்சுத் தர்றேன்.”

“வேண்டாம்மா.” அவர் குரல் தணிந்திருந்தது. “கணுக்காலுக்குச் சரியாத்தான் நிக்குது. இருந்துட்டுப் போகட்டும்.”

அவளுக்கு ஒரே மகள். உருண்டை முகத்தைப் பார்த்து அப்பா வைத்த பேர் பட்டாணி. பள்ளிக்கூடத்துக்கு முதல் பாவாடை தைத்தபோது அம்மா அகலமாக டக்கு வைத்தாள். அன்றிலிருந்து பட்டாணிக்கு அந்த டக்கின்மேல்தான் கண். காலையில் தலை பின்னி முடித்ததும் விறைப்பாக நிற்பாள்.

“அம்மா, வளர்ந்துட்டேனா? பிரிச்சிடலாமா?”

“குதிகாலைக் கீழ வைடி, கள்ளி. இன்னும் இல்ல.”

கண்ட நூலையும் பல்லால் கடிப்பாள். பல் போய்விடும் என்று திட்டினால் கேட்பதில்லை. கடைசியில் அம்மாவே மழுங்கின பெரிய ஊசி ஒன்றையும் மஞ்சள் நூலையும் கொடுத்து உட்கார வைத்தாள். ஒரு தையல் யானை மாதிரி, அடுத்தது எறும்பு மாதிரி. முடிச்சுப் போடத் தெரியாமல் முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டு, கடுகு அளவில் வரவேண்டியது மிளகு அளவில் வந்து நிற்கும்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் எங்கேயோ அது சாதாரணமில்லாததாக மாறிவிட்டது.

அந்தப் பாவாடையைத்தான் உடுத்தி அனுப்பினார்கள். ஒரு கத்திரி கொடுங்கள், டக்கைப் பிரித்துவிடுகிறேன் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். புத்தி பேதலித்துப் பேசுகிறாள் என்று யாரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிக்காத டக்கோடு போனாள் குழந்தை. அந்த மழுங்கின ஊசியைப் பிறகு வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

அம்மன் உடுத்திய துணி துவைப்பதற்கும், விட்டுப்போன தையல் போடுவதற்கும் அவளிடமே திரும்பி வரும். அம்மனுக்கு டக்கு வைத்த அந்தப் பாவாடையும் வந்தது. காலை வெளிச்சத்தில், தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அதை உதறினாள்.

டக்கு இல்லை.

இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. நூல் ஒரு பக்கம் தொங்கியது. கத்திரி பட்ட நூல் இல்லை அது. நுனி சப்பையாக, நைந்துபோய் இருந்தது.

பல்லால் கடித்த நூல்.

அவள் பாவாடையைத் திருப்பினாள். பின்பக்க விளிம்பு முழுக்கத் தூசி. நின்ற இடத்தில் நிற்கிற தெய்வத்தின் துணியில் அப்படிப் படியாது. ஓடுகிற பிள்ளையின் குதிகால் வாரி அடிக்கிற தூசி. மெல்ல மூக்கருகே கொண்டுபோனாள். மேலே கற்பூரம். அதற்கு அடியில் வியர்த்த உச்சந்தலையும் சீவிய பென்சிலும் சேர்ந்த வாசனை.

அதை அவள் துவைக்கவில்லை.

“நீங்க பிரிச்சீங்களா சாமி?” என்று கோயிலுக்குப் போய்க் கேட்டாள்.

“நானா? எனக்கு ஊசி எது நூல் எதுன்னே கண்ணு தெரியாது.” குருக்கள் சட்டென்று நிறுத்தினார். “பிரிஞ்சா இருந்தது? அப்ப நீளமாயிருக்கணுமே. தரையில புரண்டிருக்கணுமே. அவுக்கறப்பகூட கணுக்கால்லதானே நின்னுது?”

அவள் துணிப்பையிலிருந்த அளவுக் கயிற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கயிற்றின் ஓரிடத்தைக் கட்டைவிரலால் இறுகப் பிடித்திருந்தார். கணுக்கால் முடிச்சைத் தாண்டி இருந்தது விரல்.

“பழைய கயிறு,” என்றார். “சுருங்கியிருக்கும்.”

விரலை மட்டும் அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த பாவாடைக்கு அவள் தெரிந்தே டக்கு வைத்தாள்.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே தேடித் தேடிப் பார்த்தாள், பயம் கிடைக்கவில்லை. பசி கிடைத்தது. வெகு நாளைக்குப் பிறகு சோற்றின் ருசி தெரிந்தது. துணி எடுக்கக் கடைக்குப் போனபோது, இந்த நிறம் அவளுக்குப் பிடிக்குமா என்று யோசித்தாள். ‘அவளுக்கு’ என்று நினைத்தபோது எந்த முகம் மனசில் வந்தது என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஒவ்வொரு பாவாடையும் டக்குப் பிரிந்தே வந்தது. ஒவ்வொன்றையும் துவைக்காமல் மகளின் அலமாரியில் அடுக்கினாள். தெய்வத்துக்கு அழுக்கில்லாத துணி வேண்டும் என்பதற்காகப் புதிது புதிதாகத் தைத்துக் கொடுத்தாள்.

“உன்னை ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள் பூக்காரக்கா ஒரு நாள். “என் கண்ணுக்குத்தான் கோளாறா, இல்ல அம்மன் உசந்துட்டாளா? நான் எப்பவும் கட்டற அதே நீளம்தான். மாலை பாதத்தைத் தொட்டுட்டிருந்துச்சு. இப்பப் பாரு, முழங்காலோட நின்னுடுது.”

“பூ வாடினா சுருங்கும்ல அக்கா.”

“பறிச்சு ரெண்டு மணி நேரம்கூட ஆகலடி. வாடறதுக்கு அது என்ன என் மூஞ்சியா?”

தையல்காரி சிரித்தாள். வாய் விட்டே சிரித்தாள். பூக்காரக்கா அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

தையல்காரியின் புருஷன் பஸ் ஓட்டுகிறவன். மகள் போனதிலிருந்து கோயில் இருக்கிற தெருவைத் தவிர்த்து, சுற்றி வளைத்துத்தான் வேலைக்குப் போனான். மனைவி சாப்பிடுவதையும், முணுமுணுப்பாகப் பாடுவதையும் கண்டு முதலில் அவனுக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு விடுமுறை நாளில் மகளின் அலமாரியைத் திறந்துவிட்டான்.

“இது கோயில் துணிதானே? ஏன் துவைக்காம வச்சிருக்க?”

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். “கல்லுடி அது.”

“கல்லு நூலைக் கடிக்குமா? நீங்களே மோந்து பாருங்க.”

அவன் தொடவில்லை. கை பாதி வரை நீண்டு, திரும்பிவிட்டது. எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். குழாயில் தண்ணீர் வெகு நேரம் விழுந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே குருக்கள் வீடு தேடி வந்தார். அவர் இதுவரை வந்ததில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“உச்சி பூஜை முடிச்சுக் கதவைப் பூட்டறேன்மா. சாவியை எடுக்கறதுக்குள்ள உள்ள இருந்து தட்டற சத்தம். உள்ளங்கையால தட்டற மாதிரி.” தன் இடுப்புக்குக் கீழே காட்டினார். “இந்த உயரத்துல.”

புருஷன் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“முதல்ல பிரமைன்னு விட்டேன். இன்னிக்குப் பேச்சுக் கேட்டுச்சு.”

“என்ன சொல்லுது?” பஸ்காரன் கேட்டான்.

குருக்கள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “லைட்டை அணைக்காதீங்கங்குது.”

புருஷன் முகத்தில் ஏதோ உடைந்தது. அவன் அவளைப் பார்த்துத் திரும்பினான். “அவளுக்கு இருட்டுன்னா எவ்வளவு பயம். கக்கூஸ் போகக்கூட என் விரலைப் பிடிச்சுட்டுதானே வருவா? அவளை அந்த ஜன்னல் இல்லாத ரூம்லயா நிறுத்தி வச்சிருக்க?”

அவள் இதை நினைக்கவே இல்லை. வாசனையை நினைத்தாள், தூசியை நினைத்தாள், வளர்ந்த உயரத்தை நினைத்தாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிற இருட்டை நினைக்கவில்லை.

“அம்மன்மேல எனக்குப் பயமில்லம்மா,” என்றார் குருக்கள். “அவ தாய். வழி தெரியாம ஒரு குழந்தை வந்து நின்னுதுன்னா ஒதுங்கி இடம் குடுத்திருப்பா. ஆனா அது கல்லு. குழந்தை எத்தனை நாள் கல்லுக்குள்ள நிக்கும்? நீ டக்கு வைக்க வைக்க, அம்மா நான் வளரணும்னு காத்திருக்கான்னு நினைச்சுட்டுப் போகாம நிக்குது.” தண்ணீரைக் கீழே வைத்தார். “டக்கு இல்லாம ஒண்ணு தைச்சுக் குடும்மா.”

அவள் தைத்தாள். பட்டாணிப் பச்சை நிறத்தில், விளிம்பை ஒற்றை மடிப்பாக மடித்து, கயிற்றின் அளவுக்கு வெட்டித் தைத்தாள். மெஷினின் மிதியை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கால் மறுத்தது. கடைசித் தையல் முடிந்ததும் நூலைக் கத்திரிக்கக் கை வரவில்லை. புருஷன் வந்து கத்திரித்துக் கொடுத்தான்.

மறுநாள் உச்சி நேரத்தில் இருவருமாகப் போனார்கள். பஸ்காரன் ஷட்டருக்கு அருகிலேயே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டான். குருக்கள் கருவறை விளக்கை எரியவிட்டு, திரையை இழுத்துவிட்டு, பாவாடையை வாசற்படியில் வைத்தார்.

“நீயே சொல்லிக் குடும்மா,” என்று சொல்லித் தூணோரம் ஒதுங்கினார்.

அவள் திரைக்கு முன்னால் மண்டியிட்டாள். சலவைக் கடையின் இயந்திரம் சுவருக்கு அப்பால் உறுமிக்கொண்டிருந்தது. அது திடீரென்று நின்றது.

உள்ளே விளக்கு மங்கியது.

கற்பூர வாசனைக்கு அடியிலிருந்து அந்த இன்னொரு வாசனை எழுந்து வந்தது.

திரை மெல்ல உப்பியது. உள்ளேயிருந்து யாரோ முகத்தை ஒட்டி வைத்ததுபோல. மூக்கு இருக்குமிடத்தில் துணி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

தரைக்கும் திரைக்கும் நடுவில் கையகலம் இடைவெளி. அதில் இரண்டு பாதங்கள். கறுப்பா, குழந்தையின் நிறமா, அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. விரல்கள் மட்டும் தரையில் ஊன்றியிருந்தன.

குதிகால் தரையில் படவில்லை.

“அம்மா.”

மூச்சைவிடக் கொஞ்சம்தான் பலமாக இருந்தது.

“வளர்ந்துட்டேனா?”

இன்னும் இல்ல. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் நாளைக்கும் வருவாள். நாளை மறுநாளும் வருவாள். வருஷம் வருஷமாக இந்தத் திரைக்குப் பின்னால், எட்டி எட்டி நின்றுகொண்டு, இருட்டில்.

“வளர்ந்துட்டடி,” என்றாள். “அம்மா பார்த்துட்டேன். எவ்வளவு பெரியவளாயிட்ட. இனிமே டக்கு வேண்டாம்.” அந்தப் பாதங்களை நோக்கிக் குனிந்தாள். “குதிகாலைக் கீழ வைடா கண்ணு. கால் வலிக்கும்.”

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு குதிகால்கள் மெல்ல, மிக மெல்லத் தரையில் இறங்கின.

வாசற்படியில் இருந்த பாவாடை அசைந்தது. ஒரு மடிப்பு, அடுத்த மடிப்பு என்று திரைக்கு அடியில் இழுபட்டு உள்ளே போனது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. சுவருக்கு அப்பால் சலவை இயந்திரம் மறுபடி உறுமத் தொடங்கியது. ஷட்டர் பக்கமிருந்து ஓர் ஆண்பிள்ளை வாய் விட்டு அழும் சத்தம் கேட்டது.

குருக்கள் திரையை விலக்கினார். வாலையம்மன் பச்சைப் பாவாடையில் நின்றிருந்தாள். அளவுக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். முடிச்சு கணுக்காலில் நின்றது. அன்று பூக்காரக்கா கட்டிய மாலை பாதத்தைத் தொட்டது.

அதற்குப் பிறகு கதவு தட்டப்படவில்லை. குருக்கள் மட்டும் கருவறை விளக்கை அணைப்பதை நிறுத்திவிட்டார். தையல்காரி அலமாரியில் இருந்த பாவாடைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் துவைத்தாள். தண்ணீரில் வாசனை கரைந்துபோனபோது மகளை இரண்டாம் முறை அனுப்புவது போலிருந்தது. முதல் முறை அழ விடவில்லை. இந்த முறை துணி துவைக்கும் கல்லின்மேல் தலை சாய்த்து அழுதாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாகப் பிழிந்து கொடுத்தான்.

பச்சைப் பாவாடை துவைக்க வந்தது. காலை வெளிச்சத்தில், மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அதை உதறினாள்.

மடியில் ஏதோ உறுத்தியது.

விளிம்பைத் திருப்பினாள். ஒற்றை மடிப்பாக அவள் தைத்திருந்த விளிம்புக்குமேல் துணி கோணல்மாணலாக இன்னொரு முறை மடிக்கப்பட்டிருந்தது. மஞ்சள் நூல். ஒரு தையல் யானை மாதிரி, அடுத்தது எறும்பு மாதிரி. தொடங்கிய இடத்தில் மிளகு அளவு முடிச்சு.

யாரோ டக்கு வைத்திருந்தார்கள். மறுபடி சின்னவளாகிவிட.

மடிப்பு பாவாடையைச் சுற்றிப் பாதி தூரம்தான் வந்திருந்தது. அதற்குமேல் தைக்கத் தெரியாமல் நின்றுபோன இடத்தில், அந்த மழுங்கின பெரிய ஊசி குத்தியிருந்தது.

அவள் நூலின் நுனியைத் தொட்டாள். இப்போதுதான் வாயில் வைத்து எடுத்ததுபோல அது ஈரமாக இருந்தது.